தோல் ஆலைக் கழிவுநீருக்கு மீயொலியும் வினையூக்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரை மீயொலி (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி), வினையூக்கி (தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்தும் பொருள்) இரண்டையும் சேர்த்துச் சுத்தம் செய்யும் முறை பற்றி ஆய்வு மாணவர்களும் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் ஆலையிலிருந்து வரும் மொத்தத் தண்ணீருக்கும் இது சரிப்படாது. எந்தத் தண்ணீரை, எதையெல்லாம் பிரித்தெடுத்த பிறகு இதற்குள் விடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன் கிடைக்கும்.

தோல் ஆலைக் கழிவுநீரில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரே தண்ணீர் என்று நினைப்பதே பல தவறுகளுக்குக் காரணம். உப்பிட்ட தோலை ஊறவைக்கும் தொட்டியிலிருந்து உப்பும் இரத்தமும் அழுக்கும் வரும். முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போடும் கட்டத்தில் காரத்தன்மை மிகுந்த, சல்ஃபைடும் கரைந்த புரதமும் நிறைந்த தண்ணீர் வரும். பிறகு அமிலமும் உப்பும் கலந்த தண்ணீர், அடுத்து குரோம் கலந்த பச்சைத் தண்ணீர். கடைசியாக மறுபதனிடல், சாயமேற்றல், கொழுப்பூட்டல் ஆகிய கட்டங்களிலிருந்து கருப்பாகவோ பழுப்பாகவோ வரும் தண்ணீர்.

ஒரு டன் பச்சைத் தோலைப் பதனிட ஏறக்குறைய 30 முதல் 40 கன மீட்டர் தண்ணீர் செலவாகிறது. அந்த ஒரு டன்னில் முழுமையான தோலாக வெளியே போவது ஏறத்தாழ 200 கிலோதான். மீதி எல்லாம் கழிவாகவும் தண்ணீரில் கரைந்ததாகவும் போகிறது. வழக்கமான குரோம் பதனிடலில் போடும் குரோமியத்தில் 60 முதல் 70 சதவீதம் மட்டுமே தோலில் பிடிக்கும். மிச்சம் தண்ணீரோடு போய்விடும்.

நுண்ணுயிர்த் தொட்டி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

புரதம், கொழுப்பு போன்றவற்றை நுண்ணுயிர்கள் நன்றாகவே தின்னும். அந்த வேலைக்கு அவற்றை விட மலிவான வழி கிடையாது. தகராறு செய்வது வேறு ஆட்கள்: நாஃப்தலீன் சல்ஃபோனிக் அமிலம், ஃபீனால் ஆகியவற்றிலிருந்து செய்த செயற்கைப் பதனிடும் பொருட்கள், தாவரப் பட்டைகளிலிருந்து வரும் டானின்கள், அசோ சாயங்கள் (நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பால் நிறம் பெறுபவை). இவை நுண்ணுயிர்களிடம் எளிதில் மசிவதில்லை. சில அவற்றுக்கு நஞ்சாகவும் இருக்கும். பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் மாசைத் தின்னத் தேவைப்படும் ஆக்சிஜன்) அளவு நன்றாக இறங்கியும் சி.ஓ.டி. (மாசை வேதிமுறையில் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்க மறுக்கிறது, நிறம் அப்படியே நிற்கிறது என்று சுத்திகரிப்பு நிலையங்களில் புலம்புவது இவற்றால்தான். மீயொலியும் வினையூக்கியும் உதவ வேண்டிய இடம் இதுதான்.

ஒலி எப்படி ஒரு சாயத்தை உடைக்கும்?

ஒலி நேரடியாக எதையும் உடைப்பதில்லை. அதன் அலைநீளம் மூலக்கூறுகளை விடப் பல மடங்கு பெரியது. வேலையைச் செய்வது அது உண்டாக்கும் குமிழிகள்.

20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி தண்ணீருக்குள் போகும்போது அழுத்தம் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஏறி இறங்கும். இறங்கும் நேரத்தில், தண்ணீரில் கரைந்துள்ள காற்றைச் சேர்த்துக்கொண்டு நுண்குமிழிகள் வளரும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அவை உள்நோக்கி நொறுங்கும். அந்த நொடித்துளியில் குமிழிக்குள் வெப்பம் ஏறத்தாழ 5000 கெல்வினை எட்டும். அழுத்தம் பல நூறு வளிமண்டலங்களாக இருக்கும். சுற்றியுள்ள தண்ணீரோ கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சூட்டில்தான் இருக்கும்.

அந்தச் சூட்டில் நீராவி மூலக்கூறு ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்சில் தனியுறுப்பாகவும் பிளக்கிறது. தனியுறுப்பு என்பது இணை சேராத எலக்ட்ரான் உள்ள, எதோடும் உடனே வினைபுரியும் துண்டு. ஹைட்ராக்சில் தனியுறுப்பின் ஆக்சிஜனேற்ற ஆற்றல் ஏறக்குறைய 2.8 வோல்ட். ஓசோனுக்கு 2.07, குளோரினுக்கு 1.36. எதிரில் வரும் கரிமப் பொருள் எதுவானாலும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு தாக்கும். ஆயுள் மைக்ரோவினாடிக்கும் குறைவு என்பதால், பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேலையை முடித்துவிடும்.

குமிழி நொறுங்குவது பற்றிய கணக்கை ராலே பிரபு 1917-இலேயே போட்டுவிட்டார். அப்போது கவலை கப்பல் விசிறிகளின் உலோகம் அரித்துப்போவது பற்றியது. அதே அழிவு சக்தியைத்தான் இங்கே நாம் நல்ல வேலைக்குத் திருப்புகிறோம்.

அப்படியானால் வினையூக்கி எதற்கு? மீயொலி மட்டும் போதாதா?

போதாது. ஆவியாகக்கூடிய, தண்ணீரோடு ஒட்டாத பொருட்கள் குமிழிக்குள் நுழைந்து அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். தோல் சாயங்கள் பெரும்பாலும் சல்ஃபோனேட் தொகுதி உள்ளவை. தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆவியாகாது. குமிழிக்குள் போகாமல் வெளியே திரவத்திலேயே இருக்கும். குமிழியில் பிறந்த தனியுறுப்புகளில் கொஞ்சம்தான் அங்கே வந்து சேரும். பல ஒன்றோடொன்று இணைந்து ஹைட்ரஜன் பெராக்சைடாகிவிடும். பெராக்சைடு தானாக அவ்வளவு வேகமாக எதையும் உடைக்காது.

வினையூக்கி இங்கேதான் வருகிறது. இரும்பு அயனி இருந்தால் அந்தப் பெராக்சைடை மறுபடியும் ஹைட்ராக்சில் தனியுறுப்பாக மாற்றும். இதுதான் ஃபென்டன் வினை. ஃபென்டன் இதை 1894-இல் டார்டாரிக் அமிலத்தில் கவனித்துச் சொன்னார். கூடுதல் பெராக்சைடை நாமே ஊற்றினால் வேகம் இன்னும் கூடும். பதிலுக்கு மீயொலியும் வினையூக்கிக்கு உதவுகிறது: திண்மத் துகள்களின் மேற்பரப்பில் படியும் அழுக்கை உதிர்க்கும், கட்டிகளைப் பிரிக்கும், மூன்றாம் நிலை இரும்பு (Fe³⁺), பெராக்சைடை வேகமாக உடைக்கும் இரண்டாம் நிலைக்கு (Fe²⁺) திரும்புவதை வேகப்படுத்தும்.

எந்தெந்த வினையூக்கிகளைப் பயன்படுத்துகிறார்கள்?

இரும்புதான் முதல் ஆள். கரைந்த இரும்பு உப்பாகவோ, இரும்புத் தூளாகவோ, மேக்னடைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடாகவோ போடலாம். மேக்னடைட்டைக் காந்தத்தால் திரும்ப எடுத்துவிடலாம் என்பது பெரிய வசதி. அடுத்து டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும். இவை பொதுவாகப் புற ஊதா ஒளியில் வேலை செய்பவை. குமிழி நொறுங்கும்போது வரும் வெப்பமும் மெல்லிய ஒளியும் இவற்றைத் தூண்டுகின்றன என்று விளக்குகிறார்கள். குமிழிகள் உருவாகத் துகள்களின் மேற்பரப்பு இடம் கொடுப்பதும் ஒரு காரணம். பேரியம் டைட்டனேட் போன்ற அழுத்தமின் பொருட்கள் அதிர்வையே நேரடியாக மின்னூட்டமாக மாற்றுகின்றன. பெர்சல்ஃபேட் வினையூக்கி அல்ல, ஆக்சிஜனேற்றி. ஆனால் மீயொலியும் இரும்பும் அதைச் சல்ஃபேட் தனியுறுப்பாக உடைக்கும் என்பதால் அதையும் இந்தக் கூட்டத்திலேயே சேர்த்துப் பேசுகிறோம்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் இரும்பு என்பேன். மலிவு, நஞ்சில்லை, எப்படி நடந்துகொள்ளும் என்பது நன்றாகத் தெரிந்தது.

ஒளி வினையூக்கியே இருக்கும்போது மீயொலிச் செலவு தேவையா?

தெளிந்த தண்ணீராக இருந்தால் தேவையில்லை என்றே சொல்லலாம். ஆனால் கருப்புச் சாயத் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் ஒன்றும் தெரியாது. புற ஊதா ஒளி அதற்குள் சில மில்லிமீட்டர் கூடப் போகாது. ஒலிக்கு நிறம் ஒரு தடையே இல்லை. தோல் ஆலைத் தண்ணீரைப் பொறுத்தவரை மீயொலிக்கான வலுவான நியாயம் இதுதான். ஆனால் மிதக்கும் திண்மங்களும் நுரையும் அதிகமிருந்தால் ஒலியும் தளர்ந்துவிடும். எனவே வடிகட்டி, படியவிட்ட பிறகே உள்ளே விட வேண்டும்.

எந்த அதிர்வெண் நல்லது?

20 முதல் 100 கிலோ ஹெர்ட்ஸ் வரை குமிழிகள் பெரியவை. நொறுங்கும்போது அதிர்ச்சி அலையும் நீர்த்தாரையும் பலமாக இருக்கும். துகள் வினையூக்கியைச் சுத்தமாக வைத்திருக்கவும் கலக்கவும் இது ஏற்றது. 200 முதல் 600 கிலோ ஹெர்ட்ஸ் வரை குமிழிகள் சிறியவை, எண்ணிக்கை அதிகம். தனியுறுப்பு உற்பத்தி இங்கேதான் கூடுதல். 20 கிலோ ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வுக் குமிழியின் (ஒலியோடு சேர்ந்து மிகப் பலமாக அதிரும் குமிழியின்) ஆரம் ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டர், 500 கிலோ ஹெர்ட்ஸில் 6 மைக்ரோமீட்டர்.

சந்தையில் எளிதாகக் கிடைப்பது 20, 40 கிலோ ஹெர்ட்ஸ் கருவிகள்தான். அதனாலேயே பல ஆய்வுகள் அங்கே நடக்கின்றன. அது சிறந்த அதிர்வெண் என்று அர்த்தமில்லை.

குரோமியத்தை இது நீக்குமா?

நீக்காது. தனிமத்தை எந்தத் தனியுறுப்பாலும் உடைக்க முடியாது. அதை விட முக்கியமான ஆபத்து ஒன்று இருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பதனிடலில் பயன்படுவது மூன்றாம் நிலைக் குரோமியம். வலுவான ஆக்சிஜனேற்றியோடு சேர்ந்தால் அது ஆறாம் நிலைக் குரோமியமாக மாறலாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் தோல் பொருட்களில் அதைக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவுக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. காரத்தன்மையில் பெராக்சைடு இந்த மாற்றத்தைச் செய்யும். அமிலத்தன்மையில் அதே பெராக்சைடு ஆறாம் நிலையைத் திரும்ப மூன்றாம் நிலைக்கு இறக்கும். ஆகவே அமிலத்தில் வினையை நடத்திவிட்டு, மிச்சப் பெராக்சைடு இருக்கும்போதே சுண்ணாம்பு போட்டு பி.எச். அளவை (அமில-கார அளவு; ஏறினால் காரம்) ஏற்றுவது தவறான இடத்தில் தவறான வேலை.

சரி, என்ன செய்வது? குரோம் தண்ணீரைத் தொடக்கத்திலேயே தனிக் குழாயில் பிரித்துவிட வேண்டும். மக்னீசியம் ஆக்சைடு போட்டு பி.எச். 8 முதல் 9 வரை கொண்டுவந்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாக வீழ்படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் பதனிடலுக்கே பயன்படும். இது பல காலமாக ஆலைகளில் நடக்கும் வேலை. மீதியுள்ள தண்ணீரை மீயொலிக்கு அனுப்பும் முன்னும் பின்னும் ஆறாம் நிலைக் குரோமியத்தைத் தனியாக அளந்தே ஆக வேண்டும். மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்தால் இந்த மாற்றம் கண்ணில் படாது.

சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரையும் சேர்த்து விடலாமா?

கூடவே கூடாது. ஃபென்டன் வினைக்கு பி.எச். 3 அளவில் அமிலத்தன்மை வேண்டும். சல்ஃபைடு உள்ள தண்ணீரை அந்த அளவுக்கு அமிலமாக்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடுமே என்று நினைக்காதீர்கள். ஏறத்தாழ 100 பி.பி.எம். அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. உயிருக்கு ஆபத்தான அளவு என்று பாதுகாப்பு விதிகள் சொல்வதும் அதைத்தான். தோல் ஆலைத் தொட்டிகளில் ஆட்கள் இறந்துபோவது பெரும்பாலும் இந்த வாயுவால்தான்.

சல்ஃபைடுக்கு வேறு எளிய வழி இருக்கிறது: கொஞ்சம் மாங்கனீசு சல்ஃபேட்டை வினையூக்கியாகப் போட்டுக் காற்றடிப்பது. மீயொலி எதுவும் வேண்டாம். ஆடம்பரமில்லாத இந்த வினையூக்கி பல ஆலைகளில் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருக்கிறது.

உப்பு குறையுமா?

குறையாது. சோடியம் குளோரைடை நீக்க ஆர்.ஓ. சவ்வும் அதன் பிறகு ஆவியாக்கியும்தான் வழி. சொல்லப்போனால் உப்பு இந்த முறைக்கே இடைஞ்சல். குளோரைடும் பைகார்பனேட்டும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். குளோரைடிலிருந்து பிறக்கும் குளோரின் தனியுறுப்புகள் கரிமப் பொருட்களோடு சேர்ந்து புதிய குளோரின் சேர்மங்களை உண்டாக்கவும் கூடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்துப் பார்த்த ஆய்வு முடிவை அப்படியே ஆலைத் தண்ணீருக்குப் பொருத்த முடியாது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நிறம் போய்விட்டால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. அசோ சாயத்தின் நிறம் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பில் இருக்கிறது. அது அறுந்தால் போதும், நிறம் போய்விடும். சாயத்தின் கார்பன் வளையங்கள் அப்படியே தண்ணீரில் இருக்கும். நறுமண அமீன்கள் (கார்பன் வளையத்தில் நைட்ரஜன் தொகுதி ஒட்டிய சேர்மங்கள்) உண்டானால் அவற்றில் சில சாயத்தை விட மோசமானவை. எனவே நிறத்தோடு மொத்தக் கரிமக் கார்பனையும் அளக்க வேண்டும். நீர்த்தெள்ளுப் பூச்சி போன்ற உயிர்களில் நச்சுத்தன்மைச் சோதனையும் செய்ய வேண்டும்.

இன்னொரு கண்ணி: நிறம் உடையாமலேயே காணாமல் போகலாம். அமிலத்தன்மையில் டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பு நேர்மின் தன்மை பெறும். எதிர்மின் தன்மையுள்ள அமிலச் சாயம் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டிப் பார்த்தால் தண்ணீர் தெளிவு, வடிதாளில் இருக்கும் வெள்ளைத் தூளோ நிறமேறிக் கிடக்கும். மீயொலி இல்லாமல் வினையூக்கியை மட்டும் போட்டு அதே நேரம் கலக்கிப் பார்க்கும் ஒப்பீட்டுச் சோதனையை விட்டுவிட்டால் இது தெரியவே வராது.

சி.ஓ.டி. அளவு வினைக்குப் பிறகு ஏறுகிறதே, ஏன்?

பெரும்பாலும் மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் காரணம். சி.ஓ.டி. சோதனையில் போடும் டைகுரோமேட்டை அது ஒடுக்கிவிடும். கருவி அதையும் கரிம மாசாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அளக்கும் முன் கேட்டலேஸ் நொதி போட்டோ வேறு வழியிலோ பெராக்சைடை அழித்துவிடுங்கள். குளோரைடும் இதே போல அளவை ஏற்றிக் காட்டும். அதை மெர்குரிக் சல்ஃபேட்டால் கட்டுவது வழக்கம். உப்பு மிக அதிகமென்றால் அதுவும் போதாது, மாதிரியை நீர்க்கச் செய்ய வேண்டியிருக்கும்.

பெராக்சைடு எவ்வளவு ஊற்ற வேண்டும்?

கணக்குப்படி 1 கிராம் சி.ஓ.டி.யை முழுதாக எரிக்க 2.125 கிராம் பெராக்சைடு. லிட்டருக்கு 3000 மில்லிகிராம் சி.ஓ.டி. உள்ள தண்ணீருக்கு லிட்டருக்கு 6 கிராமுக்கும் மேல் ஆகும். கன மீட்டருக்கு 6 கிலோவுக்கும் மேல். இதைப் பார்த்தாலே முழுதாக எரிக்க நினைப்பது வீண் என்று புரியும். அதிகமாக ஊற்றினால் பெராக்சைடே தனியுறுப்புகளை விழுங்கவும் செய்யும். கடினமான மூலக்கூறுகளை நுண்ணுயிர் தின்னும் அளவுக்கு உடைத்துவிட்டு, மிச்சத்தை நுண்ணுயிர்த் தொட்டியிடம் விடுவதுதான் சரி. பி.ஓ.டி.க்கும் சி.ஓ.டி.க்கும் உள்ள விகிதம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் வேலை நடக்கிறது.

மின்செலவு எப்படி?

இந்த முறையின் பெரிய பலவீனம் இதுதான். ஒரு சாதாரண ஆய்வகச் சோதனையை எடுத்துக்கொள்வோம்: 100 மில்லிலிட்டர் தண்ணீர், 100 வாட் கருவி, 60 நிமிடம். செலவானது 0.1 கிலோவாட் மணி. லிட்டருக்கு 1. கன மீட்டருக்கு 1000 கிலோவாட் மணி! நகராட்சிக் கழிவுநீரை நுண்ணுயிர் முறையில் சுத்தம் செய்ய வழக்கமாகக் கன மீட்டருக்கு 1 கிலோவாட் மணிக்கும் குறைவாகவே ஆகிறது. "ஒரு மணி நேரத்தில் 95 சதவீதம் நிறம் நீங்கியது" என்று படித்தால் உடனே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கருவியில் எழுதியிருக்கும் வாட் அளவும் தண்ணீருக்குள் போகும் சக்தியும் ஒன்றல்ல. சரிபார்ப்பது எளிது. 200 மில்லிலிட்டர் தண்ணீரில் வெப்பமானியை வைத்து 5 நிமிடம் கருவியை ஓட்டுங்கள். 10 டிகிரி ஏறினால் உள்ளே போனது ஏறத்தாழ 28 வாட். கருவி இழுத்தது 100 வாட் என்றால் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவானது வழியிலேயே போய்விட்டது.

அதனால்தான் சொல்கிறேன், இதை மொத்தத் தண்ணீருக்கு வைக்காதீர்கள். அளவில் குறைந்த, செறிவு மிகுந்த சாயத் தொட்டித் தண்ணீர் போன்றவற்றுக்கு மட்டும், நுண்ணுயிர்த் தொட்டிக்கு முன்பாக, எவ்வளவு குறைந்த நேரத்துக்கு முடியுமோ அவ்வளவுக்கு வையுங்கள்.

மீயொலியும் வினையூக்கியும் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்று எப்படி நிரூபிப்பது?

மீயொலி மட்டும், வினையூக்கி மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று சோதனைகளிலும் வேக மாறிலியை (வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைக் காட்டும் எண்) கண்டுபிடியுங்கள். சேர்த்து வந்தது, தனித்தனியே வந்த இரண்டின் கூட்டுத்தொகையை விட அதிகமாக இருந்தால்தான் கைகொடுக்கிறது என்று சொல்ல முடியும். வெப்பநிலையைக் குளிர்நீர் உறையால் ஒரே அளவில் வைக்க வேண்டும். மீயொலி தண்ணீரைச் சூடாக்கும். சூடானால் குமிழிக்குள் நீராவி அதிகமாகி நொறுங்கும் வேகம் மட்டுப்படும். ஆனால் ஃபென்டன் வினை சூட்டில் வேகமெடுக்கும். இரண்டும் குழம்பிவிடும்.

என் மீயொலித் தொட்டியில் ஒரு நாள் வந்த முடிவு மறுநாள் வருவதில்லை. என்ன கோளாறு?

முதலில் குடுவை வைத்த இடத்தைப் பாருங்கள். தொட்டிக்குள் ஒலி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சமையலறை அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் தொட்டியில் செங்குத்தாக ஒரு நிமிடம் பிடித்தால், சில இடங்களில் ஊசி குத்தியது போல ஓட்டைகள் விழுந்திருக்கும், சில இடங்கள் தொடப்படாமல் பளபளவென்றே இருக்கும். குடுவையை ஓட்டை விழுந்த இடத்தில், எப்போதும் அதே உயரத்தில் வையுங்கள். தொட்டி நீரின் மட்டமும் மாறக் கூடாது. தனியுறுப்பு உற்பத்தியைச் சரிபார்க்கப் பொட்டாசியம் அயோடைடு கரைசல் போதும். அது மஞ்சளாக மாறும் அளவை 352 நானோமீட்டரில் அளந்தால் அன்றைய கருவியின் நிலை தெரிந்துவிடும்.

நேரடியாக உள்ளே இறங்கும் டைட்டானியம் முனை என்றால் அதன் அடியைத் தடவிப் பாருங்கள். புதிதாக இருந்தபோது வழவழப்பு, சில காலத்தில் சொரசொரப்பான குழிகள். அரித்துப்போன உலோகத் துகள் உங்கள் மாதிரியில்தான் கலந்திருக்கிறது. முனையை மெருகேற்றவோ மாற்றவோ வேண்டும். கருவி ஓடும்போது காதுக்கு உறை அணிய மறக்காதீர்கள்.

வினையூக்கியைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

கரைந்த இரும்பை முடியாது. கடைசியில் பி.எச். ஏற்றும்போது அது சேறாக இறங்கும், அதை அப்புறப்படுத்தும் செலவும் சேரும். திண்ம வினையூக்கியை மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் கரைந்து போகிறதா என்று பாருங்கள்: வினையின் பாதியில் வடிகட்டி, வினையூக்கி இல்லாத தண்ணீரில் மீயொலியைத் தொடருங்கள். வேகம் குறையாமலே இருந்தால் வேலை செய்தது திண்மம் அல்ல, அதிலிருந்து கரைந்த உலோகம்.

பெரிய அளவில் செய்ய வழியே இல்லையா?

இருக்கிறது. மீயொலிக்குப் பதிலாகத் தண்ணீரைப் பம்பினால் குறுகிய துளையுள்ள தட்டு வழியாகவோ நடுவில் குறுகி மறுபடி விரியும் வென்சுரிக் குழாய் வழியாகவோ தள்ளினால், அங்கே வேகம் கூடி அழுத்தம் விழுந்து அதே மாதிரிக் குமிழிகள் உண்டாகும். ஒவ்வொரு குமிழியின் நொறுங்கலும் மீயொலியை விடச் சற்று மென்மையானது. ஆனால் கன மீட்டர் கணக்கில் தண்ணீரைக் கையாளலாம், பம்பும் குழாயும் ஆலையில் இருப்பவர்களுக்குப் பழகியவை. பெராக்சைடு, இரும்பு ஆகியவற்றை இதனோடும் சேர்க்க முடியும். திண்மங்கள் துளையை அடைக்காமல் பார்த்துக்கொள்வதும், துளைத் தட்டு அரித்துப்போவதைக் கவனிப்பதும்தான் அன்றாட வேலை. ஆலையில் ஒரு சிறு முன்மாதிரி வைக்க நினைப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்: குரோமும் சல்ஃபைடும் கலக்காத சாயத் தொட்டித் தண்ணீருக்கு ஒரு தனிக் குழாய், ஒரு சமநிலைத் தொட்டி, ஒரு பம்பு, வெளிவாயில் ஆறாம் நிலைக் குரோமியத்தை அளக்க ஒரு சோதனைப் பெட்டி.